முயல் வேட்டைக்கு .22 லீவர் துவக்கு: எதை வாங்கலாம், எதை விடலாம்

யாழ்ப்பாணத்திலிருந்து கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நோர்வே என்று போனவர்களில் முயல் வேட்டைக்கு லைசன்ஸ் எடுத்து முதல் துவக்கைத் தேடுகிறவர்களுக்காக இது. லீவர் துவக்கு என்றால், விசைக்குக் கீழே இருக்கும் பிடியை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்து அடுத்த தோட்டாவை அறைக்குள், அதாவது தோட்டா வெடிக்கும் இடத்துக்குள், ஏற்றுவது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் மச்சானிடம் இதைப் பற்றி விசாரிக்கிற ஊர் ஆட்களும் வாசிக்கலாம், ஆனால் அவர்கள் வாங்குவதற்கு இதில் ஒன்றும் இல்லை. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். காட்டு விலங்கைத் தொடுவது 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற விடயம்.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒன்ராறியோக் கிராமத்துப் பிள்ளை சின்ன வயதிலேயே தகப்பனோடு .22 பிடித்துப் பழகிவிடும். நாங்கள் துவக்கைச் சோதனைச்சாவடியிலும் சென்றியிலும் கண்டு வளர்ந்தவர்கள். துவக்கைக் கண்டவர்கள் எங்களில் ஏராளம். அதை வெறுமையாக்கிப் பத்திரமாக வைக்கப் பழகியவர்கள் குறைவு. அதனால் அழகு, பெயர், பழைய கௌபாய்ப் படத்து ஆசை எல்லாவற்றுக்கும் முன்னால் இங்கே பார்க்கப்படுவது, புதிதாகப் பழகுகிற ஒருவர் இந்தத் துவக்கை எவ்வளவு எளிதாக நிரப்பலாம், ஹாமரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை) இறக்கலாம், வெறுமையாக்கலாம் என்பதுதான்.

எந்தத் தோட்டா

லீவர் துவக்கு சின்ன ரகத்தில் மூன்று தோட்டாவுக்கு வருகிறது: .22 எல்.ஆர் (லோங் ரைபிள்), .22 மக்னம், .17 எச்.எம்.ஆர். முயலும் அணிலும் சட்டிக்கு வரவேண்டும் என்றால் .22 எல்.ஆர் போதும். 40 கிரெயின் சன்னம், அதாவது 2.6 கிராம், நொடிக்கு ஏறக்குறைய 375 மீற்றர் வேகத்தில் போகும். குழல்வாயில் அதன் சக்தி 180 ஜூல் அளவு. மக்னத்தில் அதே 40 கிரெயின் நொடிக்கு 570 மீற்றரில் போய் 420 ஜூலைத் தாண்டும். .17இன் சன்னம் 17 கிரெயின்தான், ஆனால் நொடிக்கு 775 மீற்றர் வேகம். பட்ட இடத்தில் சிதறும். நரி, மார்மொட் (வளை தோண்டும் பெரிய அணில் வகை) போன்றவற்றைத் தூரத்தில் விழுத்துகிறவர்களுக்கு அது நல்லது. கறிக்கு நல்லதல்ல: முன்னங்கால் சந்தில் பட்டால் தோள் இறைச்சி முழுக்க இரத்தம் கட்டிப் போகும், எலும்புத் துணுக்கு இறைச்சிக்குள் ஏறிவிடும்.

தோட்டா விலையும் பார்க்க வேண்டும். மக்னமும் .17ம் ஒரு வெடிக்கு எல்.ஆரைவிடப் பல மடங்கு காசு. புதிதாகப் பழகுகிறவருக்கு வேண்டியது நிறையச் சுட்டுப் பழகுவது. அதை எல்.ஆரில்தான் செய்ய முடியும்.

இன்னொன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எல்.ஆர் தோட்டா மக்னத் துவக்கின் அறைக்குள் தொளதொளவென்று போய்விடும். மக்னக் கோது (வெடிமருந்து இருக்கும் உலோக உறை) பருமன் கூடியது, ஆகவே எல்.ஆர் கோதுக்கு அந்த அறையில் சுவர்ப் பிடிப்பு இல்லை. வெடித்தால் கோது கிழிந்து சூடான வாயு பின்னால் வரும். வீட்டில் இரண்டு ரகமும் இருந்தால் தோட்டாவை வேறு வேறு பெட்டியில் வையுங்கள்.

ஏன் லீவர், ஏன் வேறு இல்லை

நேர்மையாகச் சொன்னால், ஒரு நல்ல போல்ட் துவக்கு (பக்கத்துப் பிடியைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளுவது) அதே காசுக்குக் கூடுதல் துல்லியம் தரும். அதன் மகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்றிச் சட்டைப் பைக்குள் போடலாம். லீவரின் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. ஒல்லியாக, தட்டையாக, காட்டுப் புதருக்குள் தூக்கிக்கொண்டு நடக்க இலகுவாக இருக்கும். இடக்கையாலும் வலக்கையாலும் ஒரே மாதிரி இயக்கலாம். ஆஸ்திரேலியாவில் அரைத் தானியங்கி .22 (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றுவது) சாதாரண ஆளுக்குக் கிடைக்காது, லீவர் .22 கிடைக்கும். மிகப் பெரிய நன்மை, அறையில் தோட்டா இல்லாமலே நடந்து, முயலைக் கண்ட பிறகு லீவரை ஒருமுறை இழுத்து மூடிச் சுடலாம் என்பது. தோளில் வைத்தபடியே செய்யலாம், ஒரு நொடிக்குள் முடியும்.

லீவரின் குறை, தோட்டா நிற்கும் ரவைக் குழாய். லீவர் .22களில் பெரும்பாலானவற்றுக்குக் குழலுக்குக் கீழே நீளக் குழாய்தான் மகசின். ஒன்ராறியோ வேட்டைச் சட்டப்படி அறை வெறுமையாக இருந்தாலும், துவக்கோடு சேர்ந்திருக்கும் மகசினுக்குள் தோட்டா இருந்தால் அந்தத் துவக்கு நிரப்பப்பட்டது என்றே கணக்கு. காருக்குள் வைக்க முன், போல்ட் துவக்குக்காரர் மகசினைக் கழற்றினால் சரி. நீங்கள் குழாய் முழுவதையும் கொட்ட வேண்டும், ஒரு நாளில் மூன்று இடம் மாறினால் மூன்று முறையும் கொட்ட வேண்டும். இது பிடிக்காதவர் லீவரை விட்டுவிடுவது நல்லது. அலுத்துப்போய்க் கொட்டாமல் விடுகிற நாளில்தான் விபத்து வரும்.

துவக்குகள்

ஹென்றி எச்-001. 1997இல் இருந்து அமெரிக்காவில் செய்யப்படுகிறது. வால்நட் மரச் சோங்கு (தோளில் முட்டும் பகுதி), 18 அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய குழல், 2.4 கிலோ எடை, குழாயில் 15 எல்.ஆர். லீவர் வெண்ணெய் மாதிரி ஓடும், இந்த விலையில் அதற்கு இணை இல்லை. வெளியே தெரிகிற மேலுறை வார்ப்புக் கலப்புலோகம், அதன் மேல் கறுப்புப் பூச்சு. மேலுறை கலப்புலோகம் என்று சொல்லி இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எல்.ஆரின் அழுத்தத்துக்கு அது போதும். உண்மையான குறைகள் வேறு: தோள்வாருக்குக் கொளுக்கி இல்லை, பின்குறி மெலிந்த தகடு, பூச்சு கல்லில் உரசினால் போய்விடும். மேலே 11 மில்லிமீற்றர் பள்ளம் வெட்டியிருப்பதால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டலாம்.

இதே ஹென்றியில் கோல்டன் போய் என்று ஒன்று. எண்கோணக் குழல் 20 அங்குலம், மேலுறை பித்தளை நிறம், எடை 3 கிலோவைத் தாண்டும். மேசைக்குப் பக்கத்தில் நின்று இலக்குக்குச் சுட அருமையானது, குழல்முனைப் பாரத்தால் ஆடாது. பனிக்காலத்து உடுப்போடு நாள் முழுக்கத் தூக்க வேண்டியவருக்கு வேண்டாம். ஸ்கோப் மாட்டவும் தனித் தாங்கி தேவை. நிறத்துக்காக இதை வாங்கி வேட்டைக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் வைத்திருப்பதில் பயனில்லை.

பிரவுணிங் பி.எல்-22. ஜப்பானில் மிரோக்கு தொழிற்சாலையில் செய்யப்படுவது. உருக்கு உடல், 20 அங்குலக் குழல், 2.3 கிலோ. லீவரை 33 பாகை திறந்தால் போதும். கையைச் சோங்கிலிருந்து எடுக்காமல் விரலாலேயே இயக்கலாம். விசையும் லீவரோடு சேர்ந்து நகரும், ஆகவே விரல் இடையில் நசிபடாது. சோங்கின் நீளம் 13.5 அங்குலம், ஹென்றியின் 14ஐவிடக் குறைவு. இது சின்ன விடயம் போலத் தெரியும், அப்படியல்ல. வெறுங்கையில் துவக்கின் அடியை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள்: சுட்டுவிரலின் முதல் கணு விசையில் சிரமமில்லாமல் விழ வேண்டும். பிறகு பனிக்காலத்துத் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரும்பப் பாருங்கள். ஜாக்கெட்டே அரை அங்குலத்துக்கு மேல் எடுத்துவிடும். ஐந்தடி நான்கு அங்குல உயரமான ஒருவருக்குப் பி.எல்-22 பொருந்துவது போல ஹென்றி பொருந்தாது. இதன் குறைகள்: விசை கனம், விலை ஹென்றியைவிட நன்றாகக் கூட. உள்ளே பாகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை, வீட்டில் வைத்துக் கழற்றக் கூடாது.

மார்லின் 39ஏ. இதைப் பெரும்பாலும் பழையதாகத்தான் தேட வேண்டும். உருக்கும் வால்நட்டும், 24 அங்குலக் குழல், ஏறக்குறைய 3 கிலோ, 19 எல்.ஆர். வலப்பக்கத்துப் பெரிய திருகாணியை ஒரு நாணயத்தால் கழற்றினால் துவக்கு இரண்டாகப் பிரியும். அதனால் குழலைப் பின்பக்கமிருந்து துடைக்கலாம், லீவர் .22களில் இது அரிய வசதி. பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பிரித்துச் சேர்த்த பிறகு இரண்டு பாதிக்கும் இடையில் ஆட்டம் இருக்கிறதா, கோதைத் தள்ளும் எஜெக்டர் முழுசாக இருக்கிறதா, அறையின் விளிம்பில் ஊசி அடித்த பள்ளம் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது வெறும் அறையில் விசையை இழுத்து இழுத்து விளையாடியதால் வருவது. அந்தப் பள்ளம் ஆழமானால் கோது இறுகி வெளியே வராது. ரெமிங்டன் 2007இன் கடைசியில் மார்லினை வாங்கியது. அதற்கு முந்திய துவக்குகளின் குழலில் ஜே.எம் என்ற முத்திரை இருக்கும். வேலைப்பாடு அவற்றில் நம்பகமானது என்பதால் விலையும் கூட.

வின்செஸ்டர் 9422. 1972 முதல் 2005 வரை செய்தார்கள். தோட்டா குழாயை விட்டு வெளியே வந்ததில் இருந்து அறைக்குள் போகும்வரை பிடியில் இருக்கும், ஆகவே சிக்காது. அருமையான துவக்கு, ஆனால் சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். மழைக்கும் சேற்றுக்கும் கொண்டுபோக மனம் வராது.

ரொஸி ரியோ பிராவோ பிரேசில் தயாரிப்பு. 18 அங்குலக் குழல், 15 எல்.ஆர், ஹென்றியைவிட மலிவு. குறுக்குப் பூட்டு உண்டு, பிளாஸ்ரிக் சோங்கோடும் வருகிறது, ஈரக் காட்டுக்கு அது நல்லது. ஆனால் ஒரு துவக்கு போல இன்னொன்று இருக்காது. கடையில் நின்று லீவரை இருபது தடவை இயக்கிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஆக முதல் துவக்கு என்றால் உயரமானவருக்கு ஹென்றி எச்-001, சின்ன உடம்புக்காரருக்குப் பி.எல்-22. காசு போதாவிட்டால் பி.எல்-22க்குப் பதில் ஹென்றியின் இளையோர் மாதிரியைப் பாருங்கள்: 13 அங்குலச் சோங்கு, 16 அங்குலக் குழல், 12 எல்.ஆர். வளர்ந்தவர் பயன்படுத்துவதில் எந்த வெட்கமும் இல்லை.

ஹாமர்

ஹென்றி எச்-001லும் பி.எல்-22லும் தனிப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. பாதுகாப்பு முழுக்க ஹாமரில் இருக்கிறது. லீவரை மூடியதும் ஹாமர் பின்னால் ஏறி நிற்கும், அறையில் தோட்டா இருக்கும். முயல் ஓடிவிட்டது, சுடவில்லை என்றால் அந்த ஹாமரை இறக்க வேண்டும். வலது பெருவிரலால் ஹாமரை இறுகப் பிடித்து, விசையை மெல்ல அமர்த்தி, ஹாமர் விடுபட்டதும் விசையை உடனே விட்டுவிட்டு, ஹாமரை இடையில் உள்ள பாதுகாப்புப் படியில் கொண்டுவந்து நிறுத்துவது முறை. பனியில் விறைத்த விரலில், கையுறையோடு, ஹாமர் நழுவினால் துவக்கு வெடிக்கும். லீவர் துவக்கில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய விபத்து இது.

அதனால் பழகும் முதல் பருவத்தில் ஹாமரை இறக்கவே வேண்டாம். குழல்முனையை நிலத்தை நோக்கி வைத்து, லீவரை மெதுவாகத் திறந்து, அறையில் இருந்த தோட்டாவை வெளியே எடுங்கள். அப்படித் திறக்கும்போது குழாயிலிருந்து அடுத்த தோட்டா தூக்கியில் (தோட்டாவை அறை மட்டத்துக்கு உயர்த்தும் பாகத்தில்) ஏறி நிற்கும், மூடினால் அது அறைக்குப் போய்விடும். ஆகவே முழுதாகக் கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்ப வேண்டும். ஒரு நிமிட வேலை, ஆபத்தில்லாத வேலை. ஹாமர் இறக்குவதை வீட்டில் வெற்றுக் கோதோடு பழகுங்கள். ஸ்கோப் மாட்டினால் ஹாமருக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் பெருவிரல் போக இடம் இருக்காது. பக்கவாட்டில் நீட்டும் ஹாமர்க் காதை வாங்கித் திருகிக்கொள்ள வேண்டும்.

நிரப்பலும் கொட்டலும்

ரவைக் குழாய்க்குள் இருக்கும் உள்குழாயின் தலையைத் திருகி விடுவித்து, பக்கத்துத் துளை திறக்கும்வரை மேலே இழுங்கள். முழுதாக வெளியே எடுக்க வேண்டாம். உள்குழாய் மெல்லிய பித்தளை, கீழே விழுந்து நெளிந்தால் தோட்டா இடையில் நின்றுவிடும். தோட்டாவின் அடிப்பக்கம் சோங்கை நோக்கியிருக்கும்படி ஒவ்வொன்றாகப் போடுங்கள். குழல்வாய்க்கு மேலே உங்கள் முகமோ கையோ வரக்கூடாது. முதல் மாதங்களில் ஐந்துக்கு மேல் போடாதீர்கள், முயலுக்கு 15 தேவையில்லை.

கொட்டும்போது உள்குழாயை வெளியே எடுத்துத் தோட்டாக்களைக் கைக்குள் ஊற்றுங்கள். பிறகு லீவரை மூன்று தடவையாவது முழுசாகத் திறந்து மூடுங்கள். அறைக்குள்ளும் தூக்கியிலும் கண்ணால் பாருங்கள், விரல் நுனியால் தொட்டும் பாருங்கள். மெழுகும் ஈயத்தூளும் சேர்ந்து அழுக்கான குழாயில் கடைசித் தோட்டா ஒட்டிக்கொண்டு, கொட்டும்போது வராமல், பிறகு கார் குலுங்கும்போது இறங்குவது இந்த வகைத் துவக்கின் பழைய வியாதி. போட்ட எண்ணிக்கையும் சுட்டதும் கொட்டியதும் கணக்கில் ஒத்து வரவேண்டும். ஒத்து வராவிட்டால் வேட்டை ஜாக்கெட்டின் பைகளையும் கவிழ்த்துப் பாருங்கள். அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்து, கட்டுநாயக்கா விமான நிலையத்திலோ பலாலி விமான நிலையத்திலோ பையில் ஒரு .22 தோட்டா அகப்பட்டால், மறந்துவிட்டேன் என்ற விளக்கம் எடுபடாது.

லீவரை அரைகுறையாக இயக்குவதுதான் சிக்கலுக்கு முதல் காரணம். பாதியில் நிறுத்தி மூடினால் கோது முழுதாக வெளியே போகாது, அடுத்த தோட்டா அதன் மேல் ஏறி இரண்டும் மாட்டிக்கொள்ளும். பலவந்தமாக மூடக்கூடாது. எல்.ஆர் தோட்டாவின் விளிம்பில்தான் வெடிமருந்துப் பொறி இருக்கிறது, அந்த விளிம்பை நசிப்பது நல்லதல்ல. லீவர் முன்னால் போய் முட்டும்வரை தள்ளுங்கள், பிறகு சோங்கில் முட்டும்வரை இழுங்கள். இது பழகினால் சிக்கல்களில் பெரும்பகுதி காணாமல் போகும்.

குறியும் தூரமும்

குழல் ஒவ்வொன்றுக்கும் பிடித்த தோட்டா ஒன்று இருக்கும். ஐந்து ரகத்தில் 50 தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று வாங்குங்கள். சாக்கில் மண் நிரப்பி அதன் மேல் துவக்கின் முன்கட்டையை வைத்து, 50 யார் (ஏறக்குறைய 45 மீற்றர்) தூரத்தில் ஒவ்வொரு ரகத்திலும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ரகம் மாற்றியதும் முதல் சில வெடிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், குழலுக்குள் முந்திய தோட்டாவின் மெழுகு போக வேண்டும். வேகமான ரகம் நல்லது என்று நினைப்பது தவறு. ஒலிவேகத்துக்குக் கீழே போகும் 40 கிரெயின் சாதாரணத் தோட்டா பல துவக்குகளில் இலக்கில் நெருக்கமாக விழும், காற்றிலும் வேகத் தோட்டாவைவிடக் குறைவாகவே ஒதுங்கும், இறைச்சியையும் குறைவாகவே கெடுக்கும்.

வேகத் தோட்டாவுக்கு 50 யாரில் குறி வைத்தால் 75 யாரில் ஏறக்குறைய 2 அங்குலம் கீழே, 100 யாரில் ஏறக்குறைய 6 அங்குலம் கீழே போகும். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருந்தால் 10 யாரில் ஒரு அங்குலம் கீழே படும். கிட்டே நிற்கும் முயலைத் தவறவிடுவது இதனால்தான். திறந்த குறியில் பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கம் சன்னம் போகும். முன்குறிக்கு இது எதிர்மாறு.

முயலின் தலையில் சுட வேண்டிய இடம் ஒரு தேசிக்காய் அளவுதான். வேட்டைக்கு உட்காரும் நிலையில் இருந்து ஐந்து வெடியும் அந்த அளவு வட்டத்துக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. திறந்த குறியில் நிறையப் பேருக்கு அது 30 யார், ஸ்கோப்பில் 50. கடையில் வாங்கியதும் ஸ்கோப் மாட்ட அவசரப்பட வேண்டாம். லீவர் துவக்கின் ஒல்லித்தனம் அதோடு போய்விடும், கன்னம் சோங்கில் அமராது. கண் பார்வை குறையத் தொடங்கியவர் சின்னத் துளை வழியாகப் பார்க்கும் துளைக்குறி ஒன்று போட்டால் இரண்டுக்கும் நடுவில் வசதி.

சன்னம் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். மேல்நோக்கிச் சுட்ட .22 சன்னம் இரண்டு கிலோமீற்றருக்கு மேலும் போகும். யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் சுட்டால் நல்லூர்க் கோயில் வளவில் விழக்கூடிய தூரம் அது. மரக்கொப்பில் இருக்கும் அணிலை வெறும் வானத்தைப் பின்னால் வைத்துச் சுடாதீர்கள், தடித்த அடிமரம் பின்னால் வரும்வரை பொறுங்கள். உறைந்த நிலத்திலும் பனிக்கட்டி மூடிய குளத்திலும் ஈயச் சன்னம் எகிறிப் போகும். முயல் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் வெடி இல்லை.

துடைப்பு

பிரித்தெடுக்கக்கூடிய மார்லின், வின்செஸ்டர் தவிர மற்றவற்றில், துவக்கைக் கழற்றாமல் துடைக்கும் கம்பியைக் குழல்வாய்ப் பக்கமிருந்துதான் விட முடியும். இரும்புக் கம்பி வாயின் விளிம்பில் உரசி உரசித் தேய்த்தால் துல்லியம் போய்விடும், அந்த விளிம்பைத் திரும்பச் செதுக்க ஆள் வேண்டும். கம்பியை விட்டு, பின்னாலிருந்து இழுக்கும் துணிக்கயிற்றைப் பாவியுங்கள். எல்.ஆருக்குக் குழலை அடிக்கடி துடைக்கவும் தேவையில்லை. அறையும் தூக்கியும் ரவைக் குழாயும்தான் அழுக்காகும். குழாய்க்குள் எண்ணெய் விட வேண்டாம், தூசி சேர்ந்து பசையாகிவிடும், உலர்ந்த துணி போதும். குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உருக்கின் மேல் வேர்க்கும். பெட்டிக்குள் உடனே பூட்டாமல், வெறுமையாக்கிய துவக்கைக் கண் பார்வையில் வைத்து, வேர்வை காய்ந்த பின் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, பிறகு பூட்டுங்கள். ஹென்றியில் மேலுறைத் திருகாணிகள் சுடச்சுடத் தளரும். பொருத்தமான முனையுள்ள திருப்புளியால் இறுக்குங்கள், அகலம் பொருந்தாத முனை திருகாணித் தலையைக் கிழித்துவிடும்.

கறிக்கு முன்னால்

முயலை உரிக்கும்போது ரப்பர் கையுறை போடுங்கள். வட அமெரிக்க முயல்களில் துலரீமியா என்ற நோய் உண்டு, கையில் உள்ள கீறல் வழியாக மனிதருக்குத் தொற்றும். ஈரலைப் பாருங்கள்: வெள்ளைப் புள்ளிகள் தூவியது போல இருந்தால் அந்த முயலை உண்ணக் கூடாது. நகராமல் ஒரே இடத்தில் மந்தமாக நிற்கும் முயலைச் சுடவே வேண்டாம். சன்னம் உடம்பில் பட்டிருந்தால் காயத்தைச் சுற்றி இரத்தம் கட்டிய இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாமல் அங்கேதான் இருக்கும். மீதியை எலும்போடு துண்டாக்கி உப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, சரக்குத்தூள் போட்டு, உள்ளே சிவப்பு இல்லாமல் நன்றாக வேகவையுங்கள். காட்டு முயல் கோழியைப் போலச் சீக்கிரம் வேகாது, தேங்காய்ப்பாலை இறைச்சி மென்மையான பிறகு விடுங்கள்.